‘டவர் இல்ல’ பாட்டில் பதினோரு விநாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாடியிலிருந்து அதுவாக இறங்கி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிவீட்டு ஜெனிட்டா படியிறங்கி வந்து, என் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம் மோட்டார் போடாம கீறீங்களா? பாட்டு எடுத்துகினு கீறோம்.”

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி சோப்பில் ஊறிக்கொண்டிருந்தது. சரி என்றேன். பத்து நிமிஷம் ஒன்றேகால் மணி நேரமாக நீண்டது. அவ்வளவு நேரமும் நான் வாளிக்குப் பக்கத்தில் நின்று, மாடியில் ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடப்படுவதைக் கேட்டேன். பதினேழாவது தடவை பாடும்போது அவர்கள் வீட்டு குக்கர் விசிலடித்தது. பாட்டு நின்றுவிடும் என்று நினைத்தேன். “சூப்பரு, அதுவும் இருக்கட்டும்” என்று ஓர் ஆண்குரல் சொன்னது.

அந்தக் குரல் சரவணகுமாருடையது. அவனும் ஜெனிட்டாவும் சேர்ந்துதான் ‘ஈரச் செருப்பு’. அதுதான் அவர்கள் குழுவின் பெயர். குழு என்றால் இரண்டே பேர்.

நான் செங்கல்பட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் கதை எழுதுகிறேன். மூன்று புத்தகம் வந்திருக்கிறது. [மூன்றிலும் கடைசிப் பக்கத்தில் மழை பெய்கிறது. இதில் பெய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்.]

2

ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அப்பா ஞானதாஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், அம்மா மேரி தையல் வேலை செய்கிறார். சரவணகுமார் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான். சொந்த ஊர் அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், சொந்த வயல் உண்டு. ஜெனிட்டாவின் தாத்தா கூலிக்கு நாற்று நட்டது அப்படிப்பட்ட வயல்களில்தான். இரண்டு பேரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஒரு குழந்தைக் கீபோர்டு, குட்டி கிட்டார் மாதிரி நாலு கம்பி உகுலேலே, இரண்டு போன். இவ்வளவுதான் அவர்கள் ஸ்டூடியோ.

சுத்தமாகப் பதிவு செய்யப்பட்ட பாட்டு அவர்களுக்குப் பிடிக்காது. “எல்லா சத்தத்தையும் தொடச்சிட்டா, ஆளே இல்லாத வூட்ல பாட்ன மாதிரி கீது ஆன்ட்டி” என்பாள் ஜெனிட்டா. அதனால் அவர்கள் பாட்டில் ஃபேன் சுற்றும், பஸ் ரிவர்ஸ் எடுக்கும், யாராவது தும்முவார்கள். ‘ஓடிபி வரல’, ‘கட்டிலுக்கு அடியில ஒரு சாக்ஸ்’ என்று இரண்டு பாட்டு அதற்கு முன்னால் வெளியிட்டிருந்தார்கள். பாட்டுக்கு முந்நூறு பேர் கேட்டிருப்பார்கள். அதில் பாதி மேரி.

இவர்களை வைத்துக் கதை எழுதலாம் என்று தோன்றியதும் நான் செய்த முதல் தப்பு இது:

“சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் அவனும் அவளும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். காற்று அவளுடைய நீண்ட கூந்தலை அவன் தோளின்மேல்—”

ஜெனிட்டாவுக்குக் கூந்தலே கிடையாது, கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். அது போகட்டும் என்று அவளிடமே படித்துக் காட்டினேன். படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இவனா? எட்டு வருஷமா பாக்கறேன் ஆன்ட்டி. முருங்கக்காய மென்னு துப்பிட்டு தட்டு பூரா வட்டமா அடுக்கி வெப்பான். ஏன், ரெண்டு பேரு சேந்து பாட்டு பாட்னா பத்தாதா?”

பத்தும் என்று ஒத்துக்கொண்டு காதலை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரைவு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் வரலாற்றோடு தொடங்கியது. இரண்டு பக்கம். [அந்த இரண்டு பக்கம் தேவைப்படுகிறவர்கள் கோட்டை வாசலில் இருக்கும் பலகையைப் படித்துக்கொள்ளலாம்.]

மூன்றாவது தடவைதான் நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இவ்வளவு. ‘டவர் இல்ல’ என்று ஒரு பாட்டு எழுதியிருந்தார்கள். போனில் சிக்னல் கிடைக்காத ஒருத்தியின் பாட்டு.

*டவர் இல்ல டவர் இல்ல
கடலு வரைக்கும் வந்துட்டேன்
ஒத்தக் கோடு தெரியுது
ஒன் பேரு பாதி கேக்குது*

அதற்கு அலைச்சத்தம் வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சதுரங்கப்பட்டினம் போனார்கள். காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, போனைச் சரவணகுமாரின் செருப்புக்குள் செருகி மணலில் வைத்து, தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியது இவர்கள் காதில் விழவில்லை. செருப்புக்குள் இருந்த போனுக்கு விழுந்திருக்கிறது.

அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அலைக்கு நடுவில், பதினோரு விநாடி, ஒரு பெண்குரல்:

“வெச்சிடாத... நீ பேசாட்டி பரவால்ல. நான் பேசறேன், நீ கேட்டுகினு இரு. வெச்சிடாத.”

ஜெனிட்டா இயர்போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள். “இத்த கேளுங்க ஆன்ட்டி. வெக்கலாமா, எடுத்துடலாமா? யாரோ ஒருத்தங்க சொந்தமா பேசறது.”

கேட்டேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். “எடுத்துடாதீங்க. அதுதான் பாட்டே” என்று சொன்னேன்.

[மேலே இருக்கும் வாக்கியத்தை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பழியை முழுக்கச் சரவணகுமார் மேல் போட ஒரு வழி இருந்தது. இல்லை. நான்தான் சொன்னேன்.]

3

பாட்டு வெளிவந்து இரண்டு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். மேரி தூங்காமல் கேட்டிருந்தாலும் அத்தனை முடியாது.

எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்தப் பதினோரு விநாடியைத்தான். காதலன் விட்டுப் போனவர்கள், காதலி போனை எடுக்காதவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அதை மட்டும் வெட்டியெடுத்துத் தங்கள் வீடியோக்களுக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். மழைபெய்யும் ஜன்னல், ஆறிப்போன காபி, “வெச்சிடாத”. முட்டுக்காட்டில் சின்ன மேடை போட்டுப் பாட்டு நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். ஈரச் செருப்புக்கு முதல் மேடை. சரவணகுமார் அதற்கென்று வெள்ளை ஷூ வாங்கினான்.

பிறகு, ஒரு புதன்கிழமை, பாட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்:

“தோ பார்றா, இது எங்கூரு அத்த கொரலு மாதிரியே கீது. சதுரங்கப்பட்டணத்துல மெஸ்ல வேல செய்யுமே, அது.”

சரவணகுமாருக்கு ஒரே சந்தோஷம். “கண்டுபுட்சிட்டோம்டா! அவங்களையே ஸ்டேஜுக்கு இட்டாந்துடலாம்.” ஜெனிட்டா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாருடைய குரல் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது ஓர் ஊருக்குத் தெரியப் போகிறது.

“மொதல்ல அவங்கள பாக்கணும்” என்றாள். “பாத்து கேக்கணும். இத முன்னாடியே செஞ்சிருக்கணும்.”

4

மூன்று பேரும் போனோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், துணைக்கு என்று அவர்களிடம் சொன்னேன். பையில் நோட்டு இருந்தது.

மூன்றாவது மெஸ்ஸில் கிடைத்தார். பின்கட்டில் பெரிய சோற்றுக் குண்டானுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்த நேரம்.

[அவருக்கு இந்தக் கதையில் என்ன பெயர் வைக்கட்டும் என்று பின்னால் ஒருநாள் அவரிடமே கேட்டேன். யோசித்து, “பூவாயின்னு வெய்யி” என்றார். மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயராம். நன்றாக ஓடுவாளாம்.]

“அக்கா, ஒங்க கொரலு எங்க பாட்டுல வந்துகீது” என்றான் சரவணகுமார்.

“ஏங் கொரலா? நான் இன்னாத்த பாட்னேன்?” பூவாயி சிரித்துக்கொண்டே கையை முந்தானையில் துடைத்தார்.

ஜெனிட்டா இயர்போனைத் தன் துப்பட்டாவில் துடைத்து அவர் காதில் வைத்தாள். பாட்டின் முதல் பாதியில் பூவாயி தலையாட்டினார். அப்புறம் தலை நின்றது. பதினோரு விநாடி முடிந்தபோது இயர்போனை மெதுவாக எடுத்து ஜெனிட்டாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“இத்த எத்தினி பேரு கேட்டுகீறாங்க?”

“நாப்பதாயிரம்கா...” பெருமையாக ஆரம்பித்த சரவணகுமாரின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“எங்கூர்ல?”

சரவணகுமார் ஜெனிட்டாவைப் பார்த்தான்.

பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அவர் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் வீட்டைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் கிறிஸ்தவப் பையன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. பூவாயியின் கணவர் ராஜாராம் மறுநாள் காலை ஊர்க்குளத்தில், எல்லோரும் பார்க்க, மகள் செத்துவிட்டதாகச் சொல்லித் தலை முழுகினார். சுவரில் இருந்த படங்கள் இறங்கின. அவளோடு பேசுகிறவர்களுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். கணவரின் தம்பி அதற்கு மேலும் ஒன்று சொன்னார். அது என்னவென்று பூவாயி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“பகல்ல வூட்ல இருக்க முடில. அவ துணி காயப்போட்ற கயிறு, அவ ஒக்கார்ற எடம். அதான் இங்க வேலைக்கு வந்துட்டேன். ஆறு மாசம் கயிச்சி ஒரு செவ்வாக்கெயம, மூணு மணிக்கு ஒரு போனு. யாரோ ராங் நம்பர்னு நெனச்சேன். ஒண்ணியும் பேசல. மூச்சு மட்டும் கேக்குது. மூக்கட்ச்சிகினு மூச்சு வுடுவா அவ, சின்னதுலேந்தே. அத்த வெச்சி தெரிஞ்சிகினேன்.”

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய், மூன்று மணி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர். மகள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பூவாயி படகுப் பக்கம் போய் நின்று மூன்று நாலு நிமிஷம் தான் மட்டும் பேசுவார். ஆடு குட்டி போட்டதை, மெஸ் சாம்பாரில் உப்பு தூக்கலாகிப்போனதை, தன் முழங்கால் வலியை. அப்புறம் அந்தப் பக்கம் வைத்துவிடும்.

“பேசுனா அய்துடுவோம்னு அவ பேச மாட்டேன்றா. நான் அய்தா அவ வெச்சிடுவான்னு நான் அழறது இல்ல.”

பிறகு ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத்த எடுத்துடும்மா. ஊர்ல ஒருத்தன் காதுல வுயுந்தா போதும். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வார்த்தையில ஏங் கொரலு தெரிஞ்சிடும். அவளும் நானும் பேசறோம்னு தெரிஞ்சிடும்.”

என் நோட்டு பையைவிட்டு வெளியே வரவில்லை.

5

இந்தப் பகுதியில் சரவணகுமாரைக் கெட்டவனாக எழுதி வைத்திருந்தேன். ஏனென்று சொல்கிறேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவர்களுக்குள் சண்டை வந்தது.

“முட்டுக்காடு ஷோ அடுத்த வாரம் சனிக்கெயம. அது வரிக்கும் ஒரு பத்து நாளு வுடு ஜெனி. அப்பறம் எடுத்துடலாம்.”

“பத்து நாள்ல அந்தம்மாவ வூட்ட வுட்டு தொரத்திட்டா? இல்ல, அந்தப் பொண்ணு எங்க கீதுன்னு தேட ஆரம்பிச்சிட்டா?”

“நம்பள மொதல் தடவ ஒருத்தன் கூப்பிட்றான். ஒனக்கு அது ஒண்ணியும் இல்லியா?”

“இருக்கு. அய்துகினே சொல்றேன், இருக்கு. எட்றா அத்த.”

அவன் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அன்று சாயங்காலம் நான் ஆவேசமாக எழுதினேன்: “அவன் வளர்ந்த ஊரின் குணம் அவன் ரத்தத்திலேயே ஊறி—”

வாக்கியம் முடியவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு ஜெனிட்டா போனைக் காட்டினாள். பாட்டு இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதே அவன் எடுத்துவிட்டிருக்கிறான். முட்டுக்காட்டுக்காரர்களுக்கும் அவனே சொல்லிவிட்டான். அந்தப் பாட்டு இல்லாமல் வந்தால் போதாது என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே சொன்னான்.

“எங்க அத்த பொண்ணு ஒண்ணு இப்டி பூட்ச்சி ஆன்ட்டி. எனக்கு அப்ப பத்து வயசு. மாமா தல முயுவறதுக்கு சொம்பு எட்த்துகினு கூட போனது நான்தான். இன்னாத்துக்குன்னு தெரியாது. குளத்துக்குப் போறோம்னு குஷியா போனேன். அந்தக்கா அப்பறம் வரவே இல்ல. இன்னி வரிக்கும் நான் தேடவும் இல்ல.” படியில் கிடந்த செருப்பைக் காலால் நேராக்கினான். “பஸ் ஸ்டாப்ல ஜெனி கத்துனப்ப, அந்த சொம்புதான் ஞாபகம் வந்துச்சி.”

பாட்டை எடுத்ததோடு அவன் நிறுத்தவில்லை. அந்தக் குரலை வெட்டியெடுத்துப் போட்டிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினான், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல முடியாதே. எண்பது சொச்சம் பேர் எடுத்தார்கள். முதலில் அடையாளம் சொன்ன அந்த ஊர்க்காரர், ஒரு வார்த்தை கேட்காமல் தன் வரியை அழித்துவிட்டார். அவர் யாரென்று தெரியாது. நல்லவர்.

அந்த ரத்தம் பற்றிய பாதி வாக்கியத்தை மட்டும் இங்கே விட்டுவைத்திருக்கிறேன். நான் எவ்வளவு சீக்கிரம் ஓர் ஆளை முடிவுகட்டிவிடுகிறேன் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

6

பாட்டை எடுத்தாயிற்று. கதை இங்கே முடியும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. நாலாவது செவ்வாய் முடிந்ததும் பூவாயி ஜெனிட்டாவைக் கூப்பிட்டார்.

“போனு வர்ல கண்ணு. அவ பாட்ட கேட்ருப்பாளா?”

கேட்டிருக்கலாம். நாற்பதாயிரம் பேரில் அவளும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அம்மா நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருக்கலாம். அம்மாவுக்கு ஆபத்து என்று பயந்திருக்கலாம். அல்லது உடம்புக்கு ஏதாவது. பூவாயிக்கு அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவரே வைத்துக்கொண்டது.

“வூட்ல அவரு எதனா கேட்டாராக்கா?”

“ஒண்ணியும் கேக்கல. ரெண்டு வாட்டி ஏம் போன எட்த்து பாத்தாரு. மூஞ்சில ஒண்ணியும் தெரில.”

நடந்தது தாங்க முடியாததாக இருக்கும்போது முடிவை நானே செய்துவிடுவது என் பழக்கம். இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவில், ராஜாராம் மதுராந்தகம் போகிற பஸ்ஸில் யாரோ ஒருவர் போனில் அந்தப் பாட்டைக் கேட்கிறார். மனைவியின் குரல். “வெச்சிடாத.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். துண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். நன்றாகவே வந்திருந்தது. பூவாயியிடம் சொன்னேன்.

“அவரா? அழறாரா?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. “அப்டி எய்தாத. நீ எய்திட்டா, நான் வூட்ல அத்த எதிர்பாத்துகினே இருப்பேன்.”

அடித்துவிட்டேன். இதற்குமேல் ஒரு விமர்சனம் என் எழுத்துக்கு வந்ததில்லை.

இரண்டாவது முடிவில், மகள் மாசமாக இருக்கிறாள். ரத்தம் சோதிக்க ஒரு பரிசோதனை நிலையத்துக்கு வருகிறாள். அங்கே ஜெனிட்டா. டியூபில் ஒட்டிய பெயரைப் பார்த்து—

“ஒரு நாளைக்கு எரநூறு டியூப் பாக்கறேன் ஆன்ட்டி” என்றாள் ஜெனிட்டா. “நாலு வாரமா ஒவ்வொரு பேரா படிச்சிகினு கீறேன். வர்ல.”

அவள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

7

வழி கண்டுபிடித்தது பூவாயிதான். மெஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, செங்கல்பட்டுக்கே வந்துவிட்டார். மாடியில் மேரி கொடுத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அந்தப் பாட்ட மறுபடியும் போடுங்க.”

மூன்று பேரும் விழித்தோம்.

“ஏங் கொரலு வாணாம். அந்த எடத்துல வேற ஒண்ணு வெய்யிங்க. அவளுக்கு மட்டும் தெரியும். ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது, அவங்கப்பனுக்கும் தெரியாது. அவ சின்னதுல நான் அத்த செய்யறப்ப அவரு வயல்ல இருப்பாரு.”

மேரியிடம் ஒரு கரண்டியும் எவர்சில்வர் தட்டும் கேட்டு வாங்கினார். தட்டின் விளிம்பில் தட்டினார். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னும் ஒன்று. மகள் சின்னவளாக இருந்தபோது எந்தத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாலும் இப்படித் தட்டினால் சாப்பிட ஓடிவருவாளாம்.

சரவணகுமார் போனை நீட்டினான். பிறகு, சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “அக்கா, எடுக்கலாமா?” என்று கேட்டான்.

“அதுக்குத்தான வந்தேன்? எடு.”

மூன்று தடவை தட்டினார். முதல் தடவை கரண்டி வழுக்கியது. இரண்டாவது தடவை எதிர்வீட்டு நாய் குரைத்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. பூவாயிக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. “எங்க தெருவுலயும் நாயி கீது” என்றார். இரண்டாவதையே வைத்தார்கள்.

[நீங்கள் இப்போது பாட்டைத் தேடப் போகலாம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அது கரண்டி இல்லை. தட்டும் இல்லை. நாயும் கிழமையும் மெஸ்ஸும்கூட நான் சொன்னபடி இல்லை. ‘ஈரச் செருப்பு’ என்று தேடினால் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். எழுதலாமா என்று கேட்டபோது, “எய்து. ஆனா அதுல நாங்க இருக்கக் கூடாது” என்றார் பூவாயி. அப்படி ஒரு கதை எப்படி எழுதுவது என்று மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றினேன். ஓர் அம்மா, பதினோரு விநாடி நேரம், தன் மகளுக்கு மட்டும் புரிகிற ஒரு சத்தத்தைச் செய்தார். அது மட்டும் மாறவில்லை.]

ஈரச் செருப்பின் புதிய சிங்கிள் ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதே பாட்டு, அதே பெயர். முதல் வாரத்தில் ஆயிரத்து நூறு பேர் கேட்டார்கள். “பழைய வெர்ஷன்தான் கெத்து” என்று ஒருவர். “அந்தக்கா வாய்ஸ் எங்க ப்ரோ? இது இன்னா டொக்கு டொக்குன்னு?” என்று இன்னொருவர். எதற்கும் சரவணகுமார் பதில் எழுதவில்லை. ஜெனிட்டா மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பாள். ஆயிரத்து நூற்று ஆறு. ஆயிரத்து நூற்று ஒன்பது.

“இதுல ஒண்ணு அவங்களா இருந்தா போதும் ஆன்ட்டி. மிச்சம் எல்லாம் சும்மா.”

முதல் மேடைக்காக அழுதவள் அவள் என்பதை நான் மறக்கவில்லை.

8

மூன்று செவ்வாய் போயிற்று. நாலாவது செவ்வாய் நாங்கள் மூன்று பேரும் சதுரங்கப்பட்டினம் போயிருந்தோம். புதிய பாட்டைப் பூவாயி இன்னும் முழுசாகக் கேட்டிருக்கவில்லை. அவர் போனில் அதை வைத்துக்கொள்வது ஆபத்து. ஜெனிட்டா தன் போனில் போட்டுக் கேட்க வைத்தாள். நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் இருந்தது, வலை காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும், “நல்லாதான் பாட்ற. கொஞ்சம் சாப்ட்டு பாடு” என்றார் ஜெனிட்டாவிடம்.

அப்போது அவர் மடியில் இருந்த போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். பெயர் இல்லாத நம்பர். எழுந்தார். அலையை நோக்கி நடந்தார். வேறொரு பாட்டுக்காகக் கடல் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த சரவணகுமார் அதை நிறுத்திவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் போனைக் காதில் வைத்து ஏதோ சின்னதாகச் சொன்னார். ஒரே ஒரு வார்த்தையாக இருக்கும். பிறகு அவர் வாய் அசையும் என்று காத்திருந்தேன். ஆட்டைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லுகிற வாய். அது அசையவில்லை. தலை மட்டும் ஆடியது. மெதுவாக, திரும்பத் திரும்ப. ஒரு தடவை போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். ஓர் அலை வந்து புடவையை முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போயிற்று. நகரவில்லை. தலை ஆடிக்கொண்டே இருந்தது.

கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியும். மறுமுனையில் யார், எந்த ஊர், என்ன சொன்னாள், எங்கே அழுதாள், எங்கே சிரித்தாள் என்று நாலு பத்தி எழுதி, அதில் ஒரு வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போய், மூன்று நாள் வைத்திருந்து, எடுத்துவிட்டேன். அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு என்ன கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பூவாயி திரும்பி வந்தார். சரவணகுமார் வாயைத் திறந்தான். ஜெனிட்டா அவன் காலை மிதித்தாள். பூவாயி ஈரப் புடவையை இரண்டு கையாலும் பிழிந்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

“ரொம்ப பசிக்குது” என்றார். “இன்னா கீது?”

ஜெனிட்டாவின் பையில் லெமன் சாதம் இருந்தது. கொடுத்தோம்.